சேரப்போகும் மாணவர்களும் கல்லூரியும்: சமூக வலைத்தளத்தில் யார், எங்கே, எப்படிப் பேசுவது?

நுழைவாயில்:
வணக்கம் நண்பர்களே. ஒரு கல்லூரியின் சேர்க்கைப் பிரிவுக்குச் சமூக வலைத்தளத் திட்டம் போட வேண்டியிருக்கிறது. இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப், வாட்ஸப் எல்லாவற்றிலும் கணக்கு உண்டு. பதிவு தவறாமல் போகிறது, லைக்கும் விழுகிறது. ஆனால் அதில் எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று கேட்டால் யாரிடமும் பதில் இல்லை. எந்தத் தளத்தில் கவனம் வைப்பது, மாணவர் கேட்கும் கேள்விக்கு யார் பதில் சொல்வது, இடம் கிடைத்தவர்களுக்குத் தனிக் குழு தொடங்கலாமா? இந்த மூன்றும்தான் என் கேள்விகள். விவரம் தெரிந்தவர்கள் விரிவாகச் சொன்னால் உதவியாக இருக்கும்.

மதியழகி:
தளத்திலிருந்து தொடங்காதீர்கள். மாணவர் எந்தக் கட்டத்தில் நிற்கிறார் என்று பார்த்துத் தொடங்குங்கள். கல்லூரியின் பெயரையே கேள்விப்படாதவர், நாலைந்து கல்லூரிகளை ஒப்பிட்டுப் பார்ப்பவர், விண்ணப்பத்தைப் பாதியில் விட்டவர், இடம் கிடைத்தும் சேருவதா வேண்டாமா என்று தயங்குபவர். இந்த நால்வருக்கும் வேண்டியது வேறு வேறு.

முதலாமவருக்குக் குறுங்காணொளி. ரீல்ஸ், யூடியூப் ஷார்ட்ஸ் இரண்டும் உங்களைப் பின்தொடராதவர் கண்ணிலும் படும். இரண்டாமவர் தானே தேடி வருவார். அவருக்கு யூடியூபில் நீளமான காணொளி வேண்டும்: முதல் பருவத்தில் என்னென்ன பாடங்கள், ஆய்வகத்துக்கு வாரம் எத்தனை மணி நேரம், விடுதி அறையில் எத்தனை பேர். தலைப்பில் கல்லூரியின் பெயரும் பாடப்பிரிவின் பெயரும் முழுசாக இருக்கட்டும், அவர் தேடும்போது தட்டச்சு செய்வது அதைத்தான். ட்ரோனில் எடுத்த கட்டடக் காட்சி எல்லாக் கல்லூரிக்கும் ஒரே மாதிரிதான் இருக்கும். அதற்குப் பதிலாக அறைக் கதவைத் திறந்து, கட்டிலுக்கும் மேசைக்கும் நடுவே எவ்வளவு இடம், பிளக் பாயிண்ட் எந்தச் சுவரில், ஜன்னல் எந்தப் பக்கம் என்று காட்டுங்கள். அங்கே நான்கு ஆண்டு இருக்கப்போகிறவருக்கு அதுதான் செய்தி.

மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் எந்தப் பதிவும் போதாது. அவர்களுக்குப் பேச ஓர் ஆள் வேண்டும். உழைப்பை எல்லாம் முதலாமவர் மேல் கொட்டிவிட்டு இந்த இரண்டு பேரைக் கைவிடுவதுதான் லைக் விழுந்தும் விண்ணப்பம் கூடாததற்குப் பெரிய காரணம்.

வழித்துணை:
பள்ளி மாணவர்களுக்கு உயர்கல்வி ஆலோசனை சொல்லும் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை. மதியழகி மேடம் சொன்ன "பேச ஓர் ஆள்" கல்லூரி அதிகாரியாக இருக்க வேண்டியதில்லை. ஒன்றிரண்டு ஆண்டு மூத்த மாணவராக இருந்தால் பள்ளி மாணவர் மனம் திறந்து கேட்பார். அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம் 2004-லேயே தன் சேர்க்கைப் பக்கத்தில் மாணவர்களை வலைப்பதிவு எழுத வைத்தது. தேர்வில் திணறியதையும் ஊர் ஏக்கத்தையும் அவர்கள் அதில் எழுதினார்கள், பள்ளி மாணவர்கள் அதைத் தேடிப் படித்தார்கள். அதே ஆண்டில் ஃபேஸ்புக் ஹார்வர்டில் தொடங்கியபோது கல்லூரி மின்னஞ்சல் இருந்தால்தான் உள்ளேயே போக முடியும். 13 வயது நிரம்பிய எல்லோருக்கும் அது திறந்தது 2006 செப்டம்பரில். இடம் கிடைத்த மாணவர்கள் வகுப்பு தொடங்குமுன்பே ஒருவரை ஒருவர் தேடிக்கொள்ளும் பழக்கம் அதற்குப் பிறகுதான் பரவியது.

வேலை, தொழில் தொடர்புகளுக்கான தளமான லிங்க்ட்இன்னை மறந்துவிட வேண்டாம். கல்லூரிப் பக்கத்தில் முன்னாள் மாணவர் என்ற பகுதி இருக்கிறது. எந்தப் பிரிவில் படித்தவர்கள் எந்த ஊரில், எந்த வேலையில் இருக்கிறார்கள் என்று அதில் வடிகட்டிப் பார்க்கலாம். விளம்பரக் கையேட்டில் இருக்கும் நாலு வெற்றிக் கதைகளைவிடப் பெற்றோர் இதை அதிகம் நம்புவார்கள். முன்னாள் மாணவர்கள் சுயவிவரத்தில் கல்லூரியின் பெயரைத் தட்டச்சு மட்டும் செய்துவிட்டு, அதிகாரப்பூர்வப் பக்கத்தைத் தேர்ந்தெடுக்காமல் விட்டிருந்தால் அந்தப் பட்டியலில் வர மாட்டார்கள். ஒருமுறை எல்லோருக்கும் மின்னஞ்சல் அனுப்பிச் சரிசெய்யச் சொன்னால் போதும்.

தரவுத்தடம்:
நுழைவாயில், "எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள்" என்பதற்கு விடை வேண்டுமென்றால் முதலில் இணைப்புகளைச் சரிசெய்யுங்கள். நீங்கள் வெளியிடும் ஒவ்வோர் இணைப்பிலும் யுடிஎம் குறி, அதாவது வருபவர் எங்கிருந்து வந்தார் என்று காட்டும் சிறு குறிப்பு, சேர்க்க வேண்டும்: எந்தத் தளம், எந்த வகைப் பதிவு, எந்தப் பிரச்சாரம் என்று குறைந்தது மூன்று. எல்லாம் சிற்றெழுத்தில், ஒரே எழுத்துக்கூட்டலில். ஒருவர் 'ஐஜி' என்றும் இன்னொருவர் 'இன்ஸ்டாகிராம்' என்றும் போட்டால் அறிக்கையில் இரண்டு தனித் தளங்களாக வந்து நிற்கும். வாட்ஸப்பில் பகிரும் இணைப்புக்கு இது கட்டாயம். அங்கிருந்து வருபவர் எங்கிருந்து வந்தார் என்ற தகவல் உலாவிக்குக் கிடைக்காது, குறி இல்லாவிட்டால் 'நேரடி வருகை' கணக்கில் போய் விழுந்துவிடும். வாட்ஸப் பயனில்லை என்று பல இடங்களில் தப்பாக முடிவெடுப்பது இதனால்தான்.

அந்தக் குறி விண்ணப்பப் படிவத்துக்குள்ளும் போய்ச் சேர வேண்டும். படிவத்தில் மறைவான புலம் ஒன்று வைத்து அதில் பதியச் சொல்லுங்கள். இல்லையென்றால் இணையதளம் வரைக்கும்தான் தடம் தெரியும், விண்ணப்பம் வரை தெரியாது.

அடுத்தது, பலர் கவனிக்காத ஓட்டை. இன்ஸ்டாகிராமிலோ ஃபேஸ்புக்கிலோ இணைப்பைத் தொட்டால் அந்தச் செயலியின் உள்ளேயே ஓர் உலாவி திறக்கும். உங்கள் விண்ணப்பத் தளத்தில் 'கூகுள் வழியாக நுழைக' பொத்தான் இருந்தால் அங்கே சிக்கல். செயலிக்குள் பதித்த உலாவிகளில் கூகுள் தன் உள்நுழைவை அனுமதிப்பதில்லை. மாணவருக்கு 403 என்ற பிழைத்திரை வரும். அவர் கல்லூரித் தளம் கெட்டுக் கிடக்கிறது என்று நினைத்து மூடிவிடுவார். சான்றிதழ் பதிவேற்றமும் இத்தகைய உலாவிகளில் சில போன்களில் தடைப்படும். சமூக வலைத்தளத்திலிருந்து நேராக விண்ணப்பப் படிவத்துக்கு இணைப்பு கொடுக்காதீர்கள். நடுவில் ஒரு சிறு பக்கம் வையுங்கள். அதில் பெயர், மின்னஞ்சல், விரும்பும் பிரிவு மட்டும் கேளுங்கள். விண்ணப்ப இணைப்பை மின்னஞ்சலில் அனுப்புங்கள். அவர் அதைச் சரியான உலாவியிலோ கணினியிலோ திறந்துகொள்வார், பாதியில் விட்டாலும் அவரைத் தொடர்புகொள்ள உங்களிடம் வழி இருக்கும்.

நுழைவாயில்:
நன்றி சார், அந்த 403 விஷயம் யோசிக்கவே இல்லை. பின்தொடர்பவர்களுக்கு நேரடியாக டிஎம் (தனிச்செய்தி) அனுப்பி 'விண்ணப்பித்தீர்களா' என்று கேட்கலாமா? பணம் கொடுத்து விளம்பரம் செய்தால் 17 வயதுக்காரர்களைக் குறிவைக்க முடியுமா?

காவல்மரம்:
டிஎம்மை நீங்கள் முதலில் தொடங்க வேண்டாம். 2024 செப்டம்பரிலிருந்து இன்ஸ்டாகிராம் 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களை 'டீன் அக்கவுன்ட்' முறைக்கு மாற்றத் தொடங்கியது. அவர்கள் பின்தொடரும் அல்லது ஏற்கனவே தொடர்பில் இருக்கும் கணக்கு மட்டும்தான் அவர்களுக்குச் செய்தி அனுப்ப முடியும். டிக்டாக் 2020-லேயே 16 வயதுக்குட்பட்டவர்களுக்கு நேரடிச் செய்தி வசதியை நிறுத்திவிட்டது. அனுப்ப முடிந்தாலும் அனுப்பக்கூடாது என்பதே என் கருத்து. சிறுவர் ஒருவருக்கு ஒரு பெரியவர் தனிச்செய்தியில் முதலில் பேசுவது எந்தப் பள்ளியும் ஏற்கும் வழக்கமல்ல, கல்லூரி முத்திரை இருந்தாலும் அப்படித்தான். கதவைத் திறந்து வையுங்கள், அவர் வரட்டும்: 'கேள்வி இருந்தால் இங்கே அனுப்புங்கள்' என்று ஸ்டோரியில் போடுங்கள்.

விளம்பரத்தில் வயதையும் இடத்தையும் வைத்துத் தேர்வு செய்யலாம், அவ்வளவுதான். ஆர்வம், பார்த்த பக்கங்கள் இவற்றை வைத்து 18 வயதுக்குட்பட்டவர்களைக் குறிவைப்பதை ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் மெட்டா 2021-ல் நிறுத்தியது. 2023 பிப்ரவரியில் பாலினத்தையும் எடுத்துவிட்டது. 'பொறியியலில் ஆர்வமுள்ள 17 வயதுக்காரர்' என்று விளம்பரம் கொடுக்கலாம் என்று யாராவது விலை பேசினால் ஏமாற வேண்டாம். பெற்றோரையும் ஆசிரியர்களையும் நோக்கி விளம்பரம் செய்வது இப்போது அதிக பலன் தரும்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஐரோப்பியத் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் இணையச் சேவைக்குச் சிறுவர் தானே சம்மதம் தரும் வயது 16, உறுப்பு நாடுகள் அதை 13 வரை குறைத்துக்கொள்ளலாம். வெளிநாட்டு மாணவர்களை நாடுகிறீர்கள் என்றால் உங்கள் நாட்டுச் சட்டம் மட்டும் பார்த்தால் போதாது.

தரவுத்தடம்:
மாணவர்தான் முதலில் கேட்க வேண்டும், கேட்டதும் பதில் போக வேண்டும் என்பதால்தான் நான் தானியங்கி உரையாடலைப் பரிந்துரைக்கிறேன். அட்லாண்டாவிலுள்ள ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகம் 2016 கோடையில் இடம் கிடைத்த மாணவர்களுக்குக் குறுஞ்செய்தி வழியாகத் தானாகப் பதில் சொல்லும் 'பாட்' மென்பொருள் ஒன்றை வைத்தது. சேருகிறேன் என்று சொல்லிவிட்டுக் கடைசியில் வராமல் போகிறவர்களின் எண்ணிக்கை அங்கே சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. இரவு 11 மணிக்குக் கட்டணக் கெடுவைப் பற்றிக் கேட்கும் மாணவருக்கு அலுவலகத்தில் யார் பதில் சொல்வார்?

மதியழகி:
தரவுத்தடம் சார், அந்தத் திட்டத்தை நானும் மதிக்கிறேன். ஆனால் அது வெற்றி பெற்றது பாட் என்பதற்காக மட்டும் அல்ல. எந்த மாணவர் எந்தப் படியை முடிக்கவில்லை என்ற பதிவோடு இணைத்திருந்தார்கள். கடன் படிவம் கொடுக்காதவருக்குத்தான் கடன் படிவம் பற்றிய நினைவூட்டல் போனது. எல்லோருக்கும் எல்லாச் செய்தியும் அனுப்பினால் இரண்டாம் வாரமே ஒலியை அணைத்துவிடுவார்கள். பாட் மென்பொருளுக்குத் தெரியாத கேள்வி ஊழியரிடம் போகும் ஏற்பாடும் இருந்தது. இந்த இரண்டும் இல்லாமல் ஒரு பாட் மென்பொருளை வாங்கி இன்ஸ்டாகிராமில் மாட்டினால் 'உங்கள் கேள்வி புரியவில்லை' என்று அதுவே சொல்லிக்கொண்டிருக்கும்.

கெடுதேதி, கட்டணம், தேவையான சான்றிதழ்கள் இவற்றுக்குத் தானியங்கிப் பதில் சரி. 'என் மதிப்பெண்ணுக்கு இந்தப் பிரிவில் தாக்குப்பிடிக்க முடியுமா', 'அங்கே தனியாக இருப்பது கஷ்டமா' என்பவற்றுக்கு மாணவத் தூதர், அதாவது கல்லூரி சார்பில் பேசும் மூத்த மாணவர்தான் பதில் சொல்ல வேண்டும். அவர்களை ஏற்பாடு செய்யும் விதம் கீழே.

பிரிவுக்கு ஒருவராவது இருக்கட்டும். விடுதியில் இருப்பவர், வீட்டிலிருந்து வருபவர், குடும்பத்தில் முதல் பட்டதாரி, வெளியூர்க்காரர் என்று கலந்து எடுங்கள். நன்றாகப் பேசுகிறவர்களை மட்டும் எடுத்தால் கூச்ச சுபாவமுள்ள மாணவர் தன்னை அங்கே பார்க்க மாட்டார். சம்பளம் கொடுங்கள். இலவச உழைப்பு என்றால் தேர்வு வாரத்தில் யாரும் இருக்க மாட்டார்கள், சேர்க்கைக் கெடுவும் பெரும்பாலும் அப்போதுதான் வரும். தேர்வுக் காலத்துக்கு மாற்று ஆள் பட்டியலை முன்கூட்டியே போட்டு வையுங்கள்.

பயிற்சியில் முக்கியமானது எதற்குப் பதில் சொல்லக்கூடாது என்பது. உதவித்தொகை கிடைக்குமா, தகுதி உண்டா, விசா வருமா, கட்டணச் சலுகை உண்டா. இந்த நான்கிலும் தூதர் 'எனக்குக் கிடைத்தது, உனக்கும் கிடைக்கும்' என்று ஒரு வரி எழுதினால் அது கல்லூரியின் வாக்குறுதியாகிவிடும். 'இதை அலுவலகத்திடம் கேட்டு இன்றைக்குள் சொல்கிறேன்' என்ற பதிலைப் பழக்குங்கள். அலுவலகத்தில் அதற்கென்று ஒருவர் பெயர் குறித்து இருக்க வேண்டும், அந்த இன்றைக்குள் உண்மையாகவே இன்றைக்குள்ளாக இருக்க வேண்டும். மற்றபடி பிடிக்காததையும் சொல்ல விடுங்கள். உணவகத்தில் மதியம் கூட்டம் தாங்காது என்று ஒரு மாணவர் சொன்னால் அவர் அடுத்துச் சொல்லும் நல்லதும் நம்பப்படும்.

வழித்துணை:
மாணவர்களிடம் இன்ஸ்டாகிராம் கணக்கை ஒரு நாள் ஒப்படைக்கும் 'டேக்ஓவர்' பற்றியும் சொல்லுங்களேன். பள்ளி மாணவர்கள் அதை விரும்பிப் பார்க்கிறார்கள்.

காவல்மரம்:
நல்ல வழிதான், கடவுச்சொல்லை மட்டும் கொடுக்காதீர்கள். மாணவர் தன் போனில் எடுத்து அனுப்பட்டும், அலுவலகம் பதிவேற்றட்டும். 9:16 செங்குத்து, 1080-க்கு 1920. ஒரு நாளுக்கு 12 முதல் 15 காணொளித் துண்டுகள் போதும். மேலும் கீழும் செயலியின் பொத்தான்கள் மறைக்கும், எழுத்தை நடுப்பகுதியில் வையுங்கள். வசன எழுத்து கட்டாயம், பேருந்திலும் வகுப்பிலும் ஒலி இல்லாமல்தான் பார்ப்பார்கள்.

பதிவேற்றுமுன் ஒவ்வொரு துண்டையும் நிறுத்திப் பாருங்கள்: அடையாள அட்டை எண், அறைக் கதவு எண், மடிக்கணினித் திரையில் மதிப்பெண் பட்டியல், சம்மதம் கேட்காத மற்றவர் முகம். வசிக்கும் கட்டடம் அடையாளம் தெரியும் காட்சியை அன்றே போடாமல் அடுத்த நாள் போடுங்கள். 24 மணி நேரத்தில் ஸ்டோரி மறைந்துவிடும், கேள்வி பதில் பகுதியைப் பிரிவுவாரியாக, மறையாமல் பக்கத்தில் நிற்கும் ஹைலைட்ஸில் சேர்த்து வையுங்கள்.

நுழைவாயில்:
மிகவும் பயனுள்ள தகவல்கள். மூன்றாவது கேள்விக்கு வருவோம். இடம் கிடைத்தவர்களுக்குக் குழுவை நாங்களே தொடங்குவதா, மாணவர்களே தொடங்கட்டும் என்று விடுவதா?

மதியழகி:
மாணவர்களே தொடங்கட்டும். அலுவலகம் உட்கார்ந்திருக்கும் குழுவில் யாரும் மனம் விட்டுப் பேச மாட்டார்கள்.

காவல்மரம்:
இதில் மேடத்தோடு உடன்பட முடியவில்லை. நீங்கள் தொடங்காவிட்டால் மாணவர்தான் தொடங்குவார் என்று என்ன உறுதி? 2008 கடைசியில் அமெரிக்காவில் 'கிளாஸ் ஆஃப் 2013' (2013-ல் பட்டம் பெறப்போகிறவர்கள்) என்ற பெயரில் நூற்றுக்கணக்கான கல்லூரிகளுக்கு ஃபேஸ்புக் குழுக்கள் முளைத்தன. பட்லர் பல்கலைக்கழக ஊழியர் ஒருவர் நிர்வாகிகள் பட்டியலை ஒப்பிட்டுப் பார்த்தபோது, சம்பந்தமே இல்லாத கல்லூரிகளின் குழுக்களில் திரும்பத் திரும்ப அதே சில பெயர்கள் இருந்தன. பின்னால் இருந்தது கல்லூரி வழிகாட்டி விற்கும் ஒரு வணிக நிறுவனம். இன்று அதே இடத்தில் போலி முகவர் இருப்பார், 'இடத்தை உறுதிப்படுத்த இந்தக் கணக்குக்குப் பணம் அனுப்புங்கள்' என்று எழுதுவார்.

அதனால் இடம் கிடைத்த கடிதத்திலேயே அதிகாரப்பூர்வக் குழுவின் இணைப்பு இருக்கட்டும், 'எந்தக் குழுவிலும் கல்லூரி பணம் கேட்காது' என்ற வரியோடு. கல்லூரி இணையதளத்தில் எல்லா அதிகாரப்பூர்வக் கணக்குகளையும் ஒரே பக்கத்தில் பட்டியலிடுங்கள். பெற்றோர் சரிபார்க்க வேறு வழி கிடையாது.

மதியழகி:
போலிக் குழு பற்றிய பயம் நியாயம். அப்படியென்றால் நடுவழி: கல்லூரி தொடங்கட்டும், நடத்துவது தூதர்கள். அலுவலகம் அறிவிப்பு மட்டும் போடும், அரட்டையில் தலையிடாது, புகார் வந்தால் மட்டும் வரும். இதை முதல் பதிவிலேயே சொல்லிவிட வேண்டும்.

காவல்மரம்:
அது எனக்குச் சம்மதம். ஆனால் பக்கத்திலேயே ஒரு தனி அரட்டை எப்படியும் முளைக்கும் என்று எண்ணிக்கொள்ளுங்கள். 2017-ல் ஹார்வர்டில் சேரவிருந்தவர்கள் அப்படி ஒரு தனிக் குழுவில் அருவருப்பான மீம்களைப் பகிர்ந்ததற்காகக் குறைந்தது 10 பேர் இடத்தை இழந்தார்கள். குழு விதிகளில் 'இங்கே எழுதுவதும், இங்கிருந்து கிளைத்த குழுக்களில் எழுதுவதும் சேர்க்கையைப் பாதிக்கலாம்' என்று தெளிவாக எழுதுங்கள். பதினேழு வயதில் அது தானாகத் தெரிந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

எந்தத் தளம் என்பதைப் பொறுத்தவரை: சாதாரண வாட்ஸப் குழுவில் எல்லோருடைய போன் எண்ணும் எல்லோருக்கும் தெரியும். ஒரே வாரத்தில் அந்தப் பட்டியல் எவரோ ஒரு பயிற்சி மையத்தின் கையில் இருக்கலாம். பெண்களுக்கு வேண்டாத அழைப்புகள் வரத் தொடங்கும். வாட்ஸப்தான் வேண்டும் என்றால் அறிவிப்புக்குச் சேனல் அல்லது கம்யூனிட்டியின் (பல குழுக்களை ஒன்றாக இணைக்கும் வசதி) அறிவிப்புக் குழு, இரண்டிலும் உறுப்பினர்களின் எண் மற்ற உறுப்பினர்களுக்குத் தெரியாது. கம்யூனிட்டிக்குள் இருக்கும் மற்ற குழுக்களில் தெரியும், அதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். கலந்துரையாடலுக்கு டிஸ்கார்ட் என்ற அரட்டைச் செயலி நன்றாக இருக்கும். அதில் பிரிவுக்கு ஒரு சேனல் (தனி அரட்டை அறை), விடுதிக்கு ஒன்று, பொதுவில் ஒன்று. தொடக்கத்திலேயே 20 சேனல் திறந்தால் எல்லாம் வெறிச்சோடும். அழைப்பு இணைப்பு இயல்பாக 7 நாளில் காலாவதியாகும், கடிதத்தில் அச்சிடுவதானால் அமைப்பை மாற்றிக்கொள்ளுங்கள். ஆனால் காலாவதியாகாத இணைப்பு வெளியேயும் கசியும். ஆகவே நுழைந்ததும் விண்ணப்ப எண்ணைத் தூதரிடம் தனியாகக் காட்டினால்தான் மற்ற சேனல்கள் தெரியும்படி வையுங்கள். ஃபேஸ்புக் குழு என்றால் சேருமுன் மூன்று கேள்விகள் வரை கேட்கலாம், அதில் ஒன்று விண்ணப்ப எண்ணாக இருக்கட்டும்.

தரவுத்தடம்:
வாட்ஸப் பிசினஸ் ஏபிஐ (நிறுவனங்கள் தங்கள் மென்பொருள் வழியாக வாட்ஸப் செய்தி அனுப்பும் வழி) பயன்படுத்துகிறவர்களுக்கு ஒரு கூடுதல் குறிப்பு: மாணவர் கடைசியாகச் செய்தி அனுப்பியதிலிருந்து 24 மணி நேரம்தான் நீங்கள் விருப்பப்படி பதில் எழுத முடியும். அதன் பிறகு முன்கூட்டியே ஒப்புதல் பெற்ற வார்ப்புருச் செய்தி மட்டும்தான் போகும். வெள்ளி மாலை வந்த கேள்விக்குத் திங்கள் பதில் எழுதப் போனால் பெட்டி பூட்டியிருக்கும். 'உங்கள் கேள்விக்குப் பதில் தயார், பார்க்க விரும்பினால் ஆம் என்று அனுப்புங்கள்' என்பது போன்ற ஒரு வார்ப்புருவுக்கு இப்போதே ஒப்புதல் வாங்கி வையுங்கள்.

எண்ணிக்கையில் லைக், பின்தொடர்பவர் இரண்டையும் அறிக்கையின் கடைசிப் பக்கத்துக்கு அனுப்பிவிடுங்கள். வாரம்தோறும் பார்க்க வேண்டியவை: எத்தனை கேள்வி வந்தது, முதல் பதிலுக்கு எவ்வளவு நேரம் ஆனது, பதில் போகாமல் எத்தனை நிற்கிறது, குறியோடு வந்தவர்களில் எத்தனை பேர் விண்ணப்பத்தை முடித்தார்கள், குழுவில் சேர்ந்தவர்களில் எத்தனை பேர் வகுப்புக்கு வந்தார்கள். கடைசியதை வைத்து மட்டும் 'குழுவால்தான் சேர்ந்தார்கள்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். சேர உறுதியாக இருப்பவர்தான் குழுவுக்கும் முதலில் வருவார்.

வழித்துணை:
ஒரே கேள்வி பத்து முறை வந்தால் அது உங்கள் இணையதளத்தில் அந்தத் தகவல் கண்ணில் படவில்லை என்பதற்கான அடையாளம். கருத்துப்பெட்டியில் வரும் கேள்விகளை மாதம் ஒருமுறை தொகுத்து இணையதளம் நடத்துகிறவரிடம் கொடுங்கள். ரெடிட் என்ற விவாதத் தளத்தில் 'அப்ளையிங் டு காலேஜ்' போன்ற இடங்களில் உங்கள் கல்லூரியைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்றும் பாருங்கள். அங்கே பதில் எழுதினால் கல்லூரி ஊழியர் என்று சொல்லிவிட்டு எழுதுங்கள். மாணவர் போல வேஷம் போட்டு எழுதுவது எப்படியும் வெளியே வரும்.

நுழைவாயில்:
எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று: வகுப்பு தொடங்கிய பிறகு அந்தக் குழுவை என்ன செய்வது?

மதியழகி:
முடியும் தேதியைத் தொடங்கும்போதே அறிவித்துவிடுங்கள். வகுப்பு தொடங்கி ஆறு வாரம் என்பது என் கணக்கு. அதற்குள் அவர்களுக்கு வகுப்புக் குழு, விடுதிக் குழு எல்லாம் வந்துவிடும். இடம் கிடைத்தும் சேராமல் போனவர்களைப் பட்டென்று நீக்காதீர்கள். முதலில் தனியாக ஒரு செய்தி: வேறு இடத்தில் சேர்ந்துவிட்டீர்களா, ஏதாவது தடையா, அடுத்த பருவத்தில் சேர விருப்பமா என்று. கட்டணம் கட்ட ஒரு வாரம் தள்ளிப்போனதால் விலகியவர், சான்றிதழ் ஒன்று வராமல் நின்றவர் என்று சிலர் பதில் எழுதுவார்கள், அவர்களை அன்றே அலுவலகத்தோடு இணையுங்கள். பிறகு குழுவைப் படிக்க மட்டும் முடிகிற நிலைக்கு மாற்றி, தனிப்பட்ட விவரம் உள்ள செய்திகளை அழித்துவிட்டு, முதலாண்டு மாணவர்களில் நன்றாக உதவியவர்கள் யார் யார் என்று குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டுத் தூதர்களுக்கு விண்ணப்பம் கேட்கும்போது முதல் செய்தி அவர்களுக்குப் போகட்டும்.